வரவில்லையா, இன்னும் வரவில்லையா? பழைய நெட்வொர்க்குகளில் நெரிசலும் அறுந்த இணைப்பும்

கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "1986இல் இணையத்தில் மொத்தமே சில ஆயிரம் கணினிகள்தான் இருந்தன. படம் கிடையாது, வீடியோ கிடையாது, பெரும்பாலும் வெறும் எழுத்து. அப்படியிருந்தும் நெரிசலில் நெட்வொர்க் முடங்கியது எப்படி? இணைப்பு அறுந்துவிட்டதா, நெரிசலா என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதிக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: எதையோ அனுப்பினோம், பதிலைக் காணோம். ஆனால் "வரவில்லை" என்பது வேறு, "இன்னும் வரவில்லை" என்பது வேறு. மனிதர்களுக்கு மட்டுமல்ல, அன்றைய கணினிகளுக்கும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெரிய முடக்கங்கள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இந்தக் குழப்பம்தான் கிடக்கும்.

1986 அக்டோபரில் நடந்ததைப் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இடைவெளி 400 கஜம், அதாவது சுமார் 365 மீட்டர். இரண்டுக்கும் நடுவே தகவல் போகும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்களில் இருந்து 40 பிட்களுக்கு விழுந்தது. 40 பிட் என்றால் விநாடிக்கு ஐந்து எழுத்து. அந்தத் தூரத்தை நிதானமாக நடந்து கடக்க ஐந்து நிமிடம் ஆகும். அதே ஐந்து நிமிடத்தில் நெட்வொர்க் கொண்டுபோய்ச் சேர்த்தது 1500 எழுத்து. ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை. எந்தப் பெட்டியும் பழுதாகவில்லை. ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்துகொண்டிருந்த மைக் கேரல்ஸும் இதை விடாமல் தோண்டினார்கள். 4.3பிஎஸ்டி யூனிக்ஸில் இருக்கும் டிசிபி (தகவல் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் விதிமுறை) தப்பாக நடந்துகொள்கிறதா, மோசமான நிலைமையிலும் ஒழுங்காக ஓடும்படி அதைத் திருத்த முடியுமா என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்குமே "ஆம்" என்றுதான் பதில் வந்தது.

டிசிபி வேலை செய்யும் விதத்தை ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போட்டால் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு அட்டை திரும்பி வரும். பத்து நாளில் அட்டை வராவிட்டால் கடிதம் தொலைந்துவிட்டது என்று முடிவுசெய்து இன்னொரு பிரதியைத் தபாலில் சேர்க்கிறீர்கள். சாதாரண நாளில் இது சரி. அடைமழையில் தபால் பதினைந்து நாள் ஆகிறது என்று வையுங்கள். ஊரில் எல்லாரும் பத்தாம் நாள் இரண்டாம் பிரதி போடுவார்கள். மூட்டைகள் இரட்டிப்பாகும், தபால் இருபது நாள் ஆகும். மூன்றாம் பிரதி கிளம்பும். தொலைந்தது ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தபால் நிலையம் பிரதிகளைச் சுமந்தே ஓய்ந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு குறைந்த கணினிகளால் இது எப்படி முடிந்தது? வளாகத்துக்குள் கணினிகளை இணைத்த ஈதர்நெட் கேபிளின் வேகம் விநாடிக்கு 1 கோடி பிட். வளாகத்துக்கு வெளியே போகும் வாடகைக் கம்பி பல இடங்களில் 56,000 பிட். தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். 576 பைட் பாக்கெட் ஒன்று ஈதர்நெட்டில் அரை மில்லிவிநாடிக்குள் போய்விடும். அந்தக் கம்பியில் அதற்கு 82 மில்லிவிநாடி வேண்டும். இரண்டையும் இணைத்து நடுவே நிற்கும் கேட்வே பெட்டியின் பஃபரில் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தில்) முப்பது பாக்கெட் வரிசையில் நின்றால் கடைசியில் இருப்பது வெளியே வர இரண்டரை விநாடி. காலியான கம்பியைப் பார்த்து "அரை விநாடியில் ஒப்புகை வரும்" என்று கணக்குப் போட்டு வைத்திருந்த கணினி, அதற்குள் நாலைந்து தரம் பொறுமை இழந்திருக்கும். வரிசையை நிரப்ப ஆயிரம் கணினி தேவையில்லை. இணைப்பு கிடைத்ததும் தன் ஜன்னல் அளவு (ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவு) முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டும் கணினி ஒன்றே போதும்.

ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதை நேரடியாகக் காட்டும் ஒரு வரைபடம் இருக்கிறது. நெட்வொர்க் பிழைகளைப் பற்றி வந்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சன் நிறுவனத்தின் இரண்டு கணினிகள், நடுவே 230.4 கிலோபிட் கம்பி, கேட்வேயில் முப்பது பாக்கெட் பஃபர், அனுப்புகிறவர் ஜன்னல் 32 பாக்கெட். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் பாக்கெட்டின் வரிசை எண். ஒழுங்காக ஓடினால் புள்ளிகள் ஒரே சாய்கோடாக ஏற வேண்டும். இந்தப் படத்திலோ கோடு ஏறும், சடாரென்று பின்னால் வந்து அதே இடத்தில் மறுபடி தொடங்கும், மறுபடி பின்னால் வரும். ஏறத்தாழ எல்லாமே ஒரு தரமாவது மறுபடி அனுப்பப்பட்டிருக்கிறது. 54ஆவது கிலோபைட்டில் இருந்து 58 வரை உள்ள தகவல் ஐந்து தரம் போயிருக்கிறது. கம்பியின் கொள்ளளவில் உருப்படியாகப் பயன்பட்டது 35 சதவீதம். மீதி முழுக்கப் பிரதிகள்.

"நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்ற புகாரை இப்படி வரைந்து பார்த்ததுதான் திருப்புமுனை என்பது என் கருத்து. அதற்கு முன்னால் எல்லாரும் கம்பி போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கம்பி பிஸியாகத்தான் இருந்தது. எதைச் சுமந்து பிஸியாக இருந்தது என்று அந்தப் படம் காட்டிக்கொடுத்தது.

இப்படி நடக்கும் என்று முன்பே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. ஃபோர்டு ஏரோஸ்பேஸில் வேலை பார்த்த ஜான் நேகிள், 1984 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 896 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இந்த நிலைமையை விவரித்து "நெரிசல் சரிவு" என்று பெயரும் வைத்துவிட்டார். தங்கள் நெட்வொர்க்கை வேண்டுமென்றே அந்த நிலைக்குத் தள்ளிப் பார்த்ததாக எழுதுகிறார். அவர் கண்டதில் பயங்கரமான விஷயம், அந்தச் சரிவு நிலையானது என்பதுதான். போக்குவரத்து குறைந்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க முடியாது. ஒவ்வொரு பாக்கெட்டும் பல தரம் போய்க்கொண்டே இருக்கும், நெட்வொர்க் அப்படியே இழுத்துக்கொண்டு கிடக்கும். அதே ஆவணத்தில் இன்னொரு தொல்லையையும் அவர் பிடித்தார்: தொலைவில் இருக்கும் கணினியில் ஒரு எழுத்தைத் தட்டினால் ஒரு பைட் தகவலுக்கு 40 பைட் முகவரித் தலைப்பு சேர்ந்து 41 பைட் போகிறது. முன்னால் அனுப்பியதற்கு ஒப்புகை வரும்வரை சில்லறை எழுத்துகளைச் சேர்த்து வை என்ற அவருடைய தீர்வு இன்றைக்கும் அவர் பெயரிலேயே டிசிபிக்குள் இருக்கிறது.

சரி, எப்படிச் சரிசெய்தார்கள்? முதல் வேலை, டைமருக்குப் பொறுமை கற்றுக்கொடுப்பது. 1981இல் வந்த டிசிபி விதிமுறை, சராசரி போய்வரும் நேரத்தை எடுத்து ஏறத்தாழ இரண்டால் பெருக்கிக் காத்திரு என்றது. நெட்வொர்க்கில் சுமை ஏறினால் சராசரி மட்டும் ஏறுவதில்லை. ஏற்ற இறக்கம் பல மடங்கு ஏறும். இரண்டால் பெருக்கும் விதி சுமார் 30 சதவீதச் சுமை வரைக்கும்தான் தாங்கும் என்று ஜேக்கப்சன் கணக்கிட்டார். அதற்கு மேல் போனால், தாமதமாக வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டையே தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். ஏற்கெனவே திணறும் நெட்வொர்க்குக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். ஆகவே சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் அளந்து, இரண்டையும் சேர்த்துக் காத்திருக்கும் நேரத்தை முடிவு செய்யச் சொன்னார்.

இதில் ஒரு நுணுக்கமான பொறி உண்டு. ஒரே பாக்கெட்டை இரண்டு தரம் அனுப்பியாகிவிட்டது, ஒரு ஒப்புகை வருகிறது. அது முதல் பிரதிக்கா, இரண்டாவதுக்கா? சொல்ல வழியில்லை. முதலாவதற்கு வந்த ஒப்புகையை இரண்டாவதற்கு என்று எடுத்துக்கொண்டால், "ஆஹா, கம்பி வேகமாக இருக்கிறது" என்று கணினி தப்பாக நம்பி, இன்னும் அவசரப்படும். 1987இல் ஃபில் கார்னும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் சொன்ன வழி மிக எளியது: மறுபடி அனுப்பிய பாக்கெட்டின் நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. தெரியாததைத் தெரியாது என்று ஒதுக்கிவைக்கக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அடுத்த வேலை, கொட்டுவதை நிறுத்துவது. ஒரு பாக்கெட் அனுப்பு, ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு. பாக்கெட் தொலைந்தால் ஜன்னலைப் பாதியாக்கு, அப்புறம் மெதுவாக ஏறு. கம்பிக் கோளாறால் பாக்கெட் கெட்டுப்போவது அந்த நெட்வொர்க்குகளில் 1 சதவீதத்துக்கும் வெகு கீழே. எனவே தொலைந்தால் அது நெரிசலில்தான் தொலைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. 1988 ஜூனில் வந்த 4.3பிஎஸ்டி டாஹோ வெளியீட்டில் இது சேர்ந்தது. கம்பிகளையோ பெட்டிகளையோ மாற்றவில்லை. இரண்டு முனைகளிலும் இருந்த நிரலை மட்டும் மாற்றினார்கள்.

இதுவரை சொன்னது, நெரிசல் "இணைப்பு போய்விட்டது" என்ற வேடத்தில் வந்த கதை. இதற்கு நேர்மாறும் உண்டு. அறுந்த கேபிள் நெரிசல் வேடத்தில் வரும். இதை நானே கையால் தொட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் ஒரு கணக்கு அலுவலகம், பதினாலு கணினிகள். மெல்லிய கருப்புக் கோஆக்ஸ் கேபிள் சுவர் ஓரமாக ஓடி, ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு டி கனெக்டரில் ஏறி இறங்கும். இரண்டு கோடியிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர். காலையில் எல்லாம் நன்றாக ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா இடத்திலும் திரை உறையும், பிறகு தானாக மீளும். சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டியில், இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் எரியும் மோதல் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். மதியம் வேலை அதிகம், அதனால் நெரிசல் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். "சார், புது சர்வருக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு கொட்டேஷன் வாங்கிடலாமா?" என்று மேலாளர் கேட்டார். எனக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் எல்லாரையும் வேலையை விட்டு வெளியே வரச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு டி கனெக்டரைக் கணினியில் இருந்து கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை நடு ஊசியிலும் மறு முனையை வெளி உலோகத்திலும் வைத்தேன். இரண்டு டெர்மினேட்டரும் இணையாகச் சேர்ந்து 25 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். காட்டியது. கேபிள் சரி. மீட்டரை எடுக்கப் போகும்போது அலுவலக உதவியாளர் ஒருவர் ஏதோ கோப்பு எடுக்க ஸ்டீல் பீரோவைத் திறந்தார். மீட்டர் ஐம்பதுக்குத் தாவியது. கதவை மூடினார், இருபத்தைந்து. "தம்பி, இன்னொரு தடவை திற" என்றேன். ஐம்பது. "அண்ணே, இந்த பீரோவை போன மாசம்தான் இங்க நகர்த்தினோம்" என்றார் அவர். பீரோவின் கால் கேபிள் மேலே உட்கார்ந்திருந்தது. கோப்புகளை எடுப்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான் வழக்கம். கதவு திறந்தால் எடை முன்னால் சாயும், நசுங்கிய இடத்தில் நடுக் கம்பி விலகும், ஒரு பக்கத்து டெர்மினேட்டர் மறைந்துபோகும்.

முனையில் டெர்மினேட்டர் இல்லாத கேபிளில் சிக்னல் போன வேகத்தில் திரும்பி எதிரொலிக்கும். கணினியின் நெட்வொர்க் அட்டைக்கு அது இன்னொருவர் குறுக்கே பேசுவது மாதிரித் தெரியும், அதாவது மோதல். விலகிக் காத்திருந்து மறுபடி முயலும். பதினாறு தரம் முயன்ற பிறகு கைவிடும். ஒரே ஒரு கணினி பேசினாலும் மோதல் விளக்கு எரியும். அந்த விளக்குதான் எங்களை நெரிசல் என்று நம்ப வைத்தது. இரண்டு மீட்டர் கேபிளும் இரண்டு பிஎன்சி கனெக்டரும் மாற்றினோம், சர்வர் பேச்சு அதோடு நின்றது.

மீட்டர் எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் கொடுக்காது. அப்போது செய்வது பாதியாகப் பிரிப்பது: நடு டி கனெக்டரில் ஒரு பக்கத்தைக் கழற்றி அங்கே ஒரு டெர்மினேட்டர் மாட்டு, மீதிப் பாதி வேலை செய்கிறதா பார். செய்தால் கோளாறு மறு பாதியில். பதினாலு கணினிக்கு நாலு தரம் போதும். தொலைக்காட்சிக்கான 75 ஓம் கேபிளை யாராவது நடுவில் ஒட்டுப்போட்டிருந்தால் மட்டும் மீட்டரும் கண்டுபிடிக்காது. கண்ணால் கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கத்தான் வேண்டும்.

நெரிசலையும் அறுந்த கேபிளையும் பிரித்துக்காட்டும் மிகப் பழைய மென்பொருள் கருவி பிங். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் மைக் மூஸ் 1983 டிசம்பரில், ஏதோ வினோதமாக நடந்துகொண்ட நெட்வொர்க்கைத் தேடப் போய், ஒரே மாலையில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலிதான் பெயருக்குக் காரணம். விநாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எது திரும்பியது, எத்தனை மில்லிவிநாடியில் என்று மட்டும் சொல்லும். நேரம் 40, 300, 1900 என்று ஏறி, அப்புறம் சில எண்கள் காணாமல் போனால் வரிசை நிரம்பி வழிகிறது, அதாவது நெரிசல். நேரம் எப்போதும் 3 மில்லிவிநாடிதான், ஆனால் நடுநடுவே பத்துப் பதினைந்து எண்கள் ஒட்டுமொத்தமாகக் காணோம் என்றால் கம்பியைப் பாருங்கள்.

மூஸ் ஒரு மாநாட்டில் கேட்ட கதை ஒன்றைத் தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவ்வப்போது அறுந்துபோகும் ஈதர்நெட்டோடு மாரடித்த ஒரு நிர்வாகி, பிங்கின் ஒவ்வொரு பதிலுக்கும் "பிங்" என்று கணினி வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை அறையின் ஸ்டீரியோவில் மாட்டி, முழு ஒலியில் வைத்தார். கட்டிடம் முழுக்க "பிங், பிங்" என்று கேட்டுக்கொண்டிருக்க, கனெக்டர்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே நடந்தார். ஒன்றை அசைத்தபோது சத்தம் நின்றது. என் பீரோ கதையில் மீட்டர் செய்ததை அங்கே காது செய்தது.

இரண்டும் கலந்த விபத்தும் நடந்திருக்கிறது. 1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் சில மணி நேரம் முடங்கியது. பாக்கெட்டுகளுக்கு வழிகாட்டும் அந்த நெட்வொர்க்கின் ரூட்டர் பெட்டிகளுக்கு ஐஎம்பி என்று பெயர். தனக்கு எந்த வழி எவ்வளவு தாமதம் என்ற தகவலை ஒவ்வொரு ஐஎம்பியும் எண் போட்டு அனுப்பும், மற்றவை அதை நெட்வொர்க் முழுக்கப் பரப்பும். எண் 0 முதல் 63 வரை சுற்றி வரும். சுற்றில் பாதிக்குள் முன்னால் இருப்பது புதியது. 29ஆம் ஐஎம்பியின் வன்பொருள் பழுதாகி, பிட்களைத் தவறவிட்டது. அதன் பக்கத்தில் இருந்த 50ஆம் ஐஎம்பியின் தகவல் 44 என்ற எண்ணோடு வந்தது. இரும எண்ணில் 101100. ஒரு பிட் போனால் 101000, அதாவது 40. இன்னொன்று போனால் 001000, அதாவது 8. சுற்றும் கணக்கில் 40ஐ விட 44 புதியது, 44ஐ விட 8 புதியது, 8ஐ விட 40 புதியது. முடிவே இல்லை. மூன்றும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு நெட்வொர்க்கைச் சுற்ற, மற்ற வேலை எதற்கும் ஐஎம்பிகளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்த விதத்தைக் கவனியுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை, பக்கத்துப் பெட்டி அதே மூன்று தகவலையும் உடனே ஊட்டிவிட்டது. பிறகு ஐஎம்பிகளின் நினைவகத்தை அப்படியே எடுத்துப் படித்தார்கள். வரிசையில் 50ஆம் ஐஎம்பியின் தகவல்கள்: 8, 40, 44, 8, 40, 44. அதைப் பார்த்ததும் மருந்தும் தெரிந்தது. 50இல் இருந்து வரும் தகவலை ஏற்காதே என்று ஒவ்வொரு ஐஎம்பிக்கும் ஒரு ஒட்டு போட்டார்கள். எரிக் ரோசன் ஆர்எஃப்சி 789இல் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிவைத்திருக்கிறார். நேரம் கிடைத்தால் படியுங்கள், பாடப்புத்தகத்தில் இந்தச் சூடு இருக்காது.

கடைசியாக, பாக்கெட் எந்தெந்த கேட்வே வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட். பாக்கெட்டுக்கு ஒரு ஆயுள் எண் உண்டு; ஒவ்வொரு தாவலிலும், அதாவது ஒவ்வொரு கேட்வேயிலும், ஒன்று குறையும், தீர்ந்த இடத்து கேட்வே தகவல் சொல்லும். ஆயுளை ஒன்று, இரண்டு என்று கூட்டி அனுப்பி டிரேஸ்ரூட் அவற்றை வரிசைப்படுத்தும், பதில் வராத இடத்தில் நட்சத்திரம் போடும். இதுவும் ஜேக்கப்சன் எழுதியதே. உங்கள் ஆய்வகத்தில் தினமும் பயன்படுத்துவீர்கள், வரிசையாக நட்சத்திரங்கள் வந்தால் "அங்கே அறுந்துவிட்டது" என்று சொல்லவும் செய்வீர்கள். அதன் பழைய கையேட்டில் ஒரு உதாரணம் இருக்கிறது. முதல் ஆறு தாவலுக்குப் பதில் வருகிறது. ஏழில் இருந்து பன்னிரண்டு வரை வெறும் நட்சத்திரம். பதின்மூன்றில் சேரவேண்டிய கணினி பதில் சொல்கிறது. நடுவில் ஆறு கேட்வே ஊமையாக இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் பாக்கெட் ஏழாவது தாவலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த சன் 3 கணினி, வந்த பாக்கெட்டில் மிச்சம் இருந்த ஆயுளையே தன் பதிலுக்கும் போட்டு அனுப்பியது. மிச்சம் மிகக் குறைவு என்பதால் பதில் பாதி வழியிலேயே செத்துப்போனது. இருமடங்கு ஆயுளோடு அனுப்பிய பிறகுதான் பதில் வீடு வந்து சேர்ந்தது, அதுவும் கடைசி ஒரு மூச்சோடு. காணாமல் போன கேட்வேக்களின் எண்ணிக்கை சரியாகப் பாதி என்பதுதான் துப்பு.